அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்கு ஆண்டுதோறும் 1 லட்சம்: எப்படிக் கொடுத்தால் முழுதாகப் பயன்படும்?

தாமிரபரணி:

அப்பாவின் நினைவு நாளில் ஆண்டுதோறும் ஒரு லட்சம் ரூபாய் கொடுப்பதாக வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். பாதி சிகிச்சைக்கு, பாதி ஆராய்ச்சிக்கு என்று ஓர் எண்ணம். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற மைத்துனர் தனியாக ஒரு தொகை போட விரும்புகிறார். வரிச் சலுகைக்கு என்ன கவனிக்க வேண்டும்? பணத்தைத் தவிர மருந்து, சாப்பாடு, விளையாட்டுப் பொருள் கொடுக்கலாமா?

கணக்குப்பிள்ளை:

வரியை மட்டும் சொல்கிறேன். 80ஜி, அதாவது நன்கொடைக்கு வரிக் கழிவு தரும் பிரிவு, பழைய வரி முறையில்தான் உண்டு. புதிய முறையில் இருப்பவருக்கு ஒரு பைசா கழிவும் இல்லை. பெரும்பாலான மருத்துவ அறக்கட்டளைகளுக்குக் கொடுத்ததில் 50 சதவீதம்தான் கழியும், அதற்கும் உச்சவரம்பு உண்டு: மற்றக் கழிவுகள் போன பிறகு நிற்கும் வருமானத்தில் 10 சதவீதம். அந்த வருமானம் 8 லட்சம் என்றால் உங்கள் ஒரு லட்சத்தில் 80,000 மட்டும் கணக்கில் வரும், அதில் பாதி 40,000 கழியும். 20 சதவீத அடுக்கில் செஸ்ஸோடு மிச்சம் 8,320 ரூபாய். இதை நம்பி தொகையை முடிவு செய்யாதீர்கள்.

ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவே கிடையாது. பொருளாகக் கொடுத்தாலும் இல்லை.

அதிகம் தவறுவது ரசீதில். நிறுவனம் 10பிடி படிவத்தில் உங்கள் பெயரையும் பான் எண்ணையும் வருமான வரித் துறைக்கு ஏற்றி, 10பிஇ சான்றிதழ் தர வேண்டும்; கெடு, நிதியாண்டு முடிந்து வரும் மே 31. யூபிஐயில் பணம் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் அவர்களுக்கு உங்கள் பான் எப்படித் தெரியும்? பணம் போட்ட அன்றே பெயர், முகவரி, பான், தொகை, யூடிஆர் எண் (வங்கிப் பரிமாற்றத்தின் அடையாள எண்), நோக்கம் எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். அம்மா கணக்கிலிருந்து போன பணத்துக்கு மகன் பெயரில் ரசீது கேட்பதும் வேண்டாம். யார் கழிவு கோருகிறாரோ அவர் கணக்கிலிருந்தே போகட்டும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் வேறு. அந்த ஆண்டிலிருந்து ரசீதில் உள்ள எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடல்கடந்தவன்:

மைத்துனர் விஷயம் வேறு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் எந்த நாட்டில் இருந்தாலும், தன் சேமிப்பை வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருந்தாலும், வெளிநாட்டவர்தான். அவர் பணம் எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற நிறுவனத்துக்கு, டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அந்நிறுவனம் அதற்கென்றே வைத்திருக்கும் கணக்குக்கு மட்டுமே போகலாம். மருத்துவமனையின் இணையப் பக்கத்தில் இருக்கும் சென்னைக் கணக்கில் போட்டுவிட்டால் சிக்கல் அவர்கள் தலையில் விழும். முதலில் எழுதிக் கேட்டு, எஃப்சிஆர்ஏ கணக்கு எண்ணை வாங்கி, பாஸ்போர்ட் நகலோடு அனுப்பச் சொல்லுங்கள்.

"என் கணக்குக்கு அனுப்பு, நான் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன்" என்று மட்டும் செய்யாதீர்கள். கை மாறி வந்தாலும் சட்டத்தின் பார்வையில் அது வெளிநாட்டுப் பணமே.

வார்டு வாசல்:

சிகிச்சைக்கு என்று ஒதுக்கும் பாதியைப் பற்றி. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை பார்த்துக்கொள்கிறது. அறுவை, கீமோ, கதிர்வீச்சு பெரும்பாலும் அதில் அடங்கும். குடும்பம் உடைவது அதற்கு வெளியே. கதிர்வீச்சு என்றால் வாரம் ஐந்து நாள், பல நோய்களுக்கு ஐந்து முதல் ஏழு வாரம். ராமநாதபுரத்திலிருந்து வருபவர் அத்தனை நாளும் சென்னையில் தங்க வேண்டும், துணைக்கு வந்தவரின் கூலியும் போகும். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய் வகைகளில் மிகுதியான லிம்போபிளாஸ்டிக் வகைக்குச் சிகிச்சை இரண்டு ஆண்டுக்கும் மேல். முதல் சில மாதங்களில் பிள்ளை தேறிவிடும். ஊர்ப் பேருந்துக் காசுக்கும் வழியில்லாத வீட்டில் "நல்லாத்தானே இருக்கு" என்று நிறுத்திவிடுவார்கள். நோய் திரும்பும். தடுக்கக்கூடிய இழப்பு அது, அதனால்தான் மனம் பொறுப்பதில்லை. சமூகப்பணித் துறையைக் கேட்டு, பயணம், தங்குமிடம், சத்துணவு என்ற தலைப்பில் கொடுங்கள்.

மருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள். குளிரில் வைக்க வேண்டிய ஊசி மருந்து வெளியிலிருந்து வந்தால், வழியெல்லாம் 2 முதல் 8 டிகிரியில் இருந்ததா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, ஆகவே நோயாளிக்குப் போட மாட்டார்கள். வீட்டுச் சாப்பாடும் அப்படியே: கீமோவில் வெள்ளணு குறைந்தவருக்கு நறுக்கிய பழமும் பச்சைக் காய்கறியும் தொற்றைக் கொண்டுவரலாம். ஒருநாள் உணவுச் செலவை மருத்துவமனைச் சமையலறை வழியே ஏற்றுக்கொள்ளலாம். பொம்மை என்றால் துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய பிளாஸ்டிக். பஞ்சு பொம்மை வேண்டாம்.

பணமில்லாமல் கொடுக்க ஒன்று உண்டு: தட்டணு, அதாவது ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட். ஆட்டிக்கொண்டே 20 முதல் 24 டிகிரியில் வைத்தாலும் ஐந்து நாள்தான் தாங்கும். நினைவு நாளில் முகாம் போட்டு நூறு பேர் கொடுத்தால் அத்தனை தட்டணுவும் ஒரே வாரத்தில் காலாவதி. குடும்பத்தில் ஆறு பேர் ரத்த வங்கியின் அழைப்புப் பட்டியலில் சேர்ந்து, தேவைப்படும்போது ஒவ்வொருவராகப் போவதே உதவி. இயந்திரம் வழி எடுக்க ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஆகும். தட்டணு எண்ணிக்கை 1.5 லட்சத்துக்குக் குறையக்கூடாது, மூன்று நாளுக்குள் ஆஸ்பிரின் போட்டிருக்கக்கூடாது.

தாமிரபரணி:

மிக்க நன்றி, தட்டணு விஷயம் தெரியாது. ஆராய்ச்சிக்கு 50,000 என்பது ஏதாவது பொருளுள்ள தொகையா? அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிக்கும் மூலநிதியில் போட்டால் வட்டி என்றைக்கும் வருமே?

பதிவேடு:

பொருளுள்ள தொகைதான், கட்டுப்படுத்தாமல் கொடுத்தால். "மார்பகப் புற்றுநோய்க்குப் புதிய மருந்து கண்டுபிடிக்க" என்று எழுதிக் கொடுத்த சிறு தொகை, அந்தத் தலைப்பில் நெறிமுறைக் குழு ஒப்புதல் பெற்ற திட்டம் இல்லாவிட்டால் வங்கியில் தூங்கும். "ஆராய்ச்சிப் பணிகளுக்கு, நிறுவனம் தீர்மானிக்கும் வகையில்" என்று எழுதினால் போதும்.

ஆராய்ச்சி என்றதும் சோதனைக்கூடம் நினைவுக்கு வருகிறது. அடையாறில் 1981 முதல் சென்னை நகரப் புற்றுநோய்ப் பதிவேடு நடக்கிறது. எந்தப் புற்று கூடுகிறது, எது குறைகிறது, எத்தனை பேர் ஐந்தாண்டு தாண்டுகிறார்கள் என்பதெல்லாம் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்க் குறிப்பெடுக்கும் ஆட்களால் தெரிய வருவது. இத்தகைய வேலைக்குச் சம்பளமும் பயணப்படியும்தான் செலவு. படம் எடுத்துப் போட ஒன்றும் இராது என்பதால் இதற்குக் கொடுப்பவர் குறைவு.

மூலநிதிக்குக் கொடுப்பதானால் "மூலநிதிக்கு" என்று கடிதத்தில் எழுத வேண்டும், இல்லையேல் அது பொதுநிதிதான். ஆனால் 50,000க்கு 7 சதவீத வட்டி ஆண்டுக்கு 3,500. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கியபோது 12 படுக்கை. ஊரார் கொடை சேரச் சேர வளர்ந்த இடம் அது. ஆண்டுதோறும் தவறாமல் வரும் ஒரு லட்சத்தை நம்பி அவர்கள் திட்டம் போட முடியும் என்பதால் என் ஓட்டு பொதுநிதிக்கு. முதல் கடிதத்திலேயே "ஆண்டுதோறும் இதே மாதத்தில்" என்று எழுதிவிடுங்கள். மார்ச் கடைசி வாரம் வேண்டாம். பணம் ஏப்ரலில் வரவானால் ரசீது அடுத்த நிதியாண்டுக்குப் போய்விடும்.