ஐரோப்பிய ஒன்றிய விதி 2023/1545: லோஷனில் கூமரின் 9 பிபிஎம், லேபிளில் எழுத வேண்டுமா?

நுரைப்பானை கேட்டது:

வணக்கம். ஒவ்வாமை தரக்கூடிய மணப்பொருள்கள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் லேபிளில் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்ற பட்டியலை 2023/1545 விரித்திருக்கிறது. அதன்படி, ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகிற இரண்டு பொருளுக்குப் புது லேபிள் தயாராகிறது. ஒன்று உடல் லோஷன்: நறுமணக் கலவை 0.6%, கூடவே லாவெண்டர் எண்ணெய் 0.2%. இன்னொன்று ஷவர் ஜெல்: அதே நறுமணக் கலவை 1%, எண்ணெய் கிடையாது.

சப்ளையர் தாளின்படி நறுமணக் கலவையில் லிமோனீன் 4%, லினலூல் 2.5%, லினலைல் அசிடேட் 1.2%, கூமரின் 0.15%, வனிலின் 0.1%.

லோஷனில் கூமரின் 9 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 9 பங்கு) வருகிறது, அதனால் விட்டுவிட்டேன். சரிதானே? அடுத்து, பழைய லேபிள் ரோல் நிறைய மீதி இருக்கிறது. ஏற்கெனவே விற்பனையில் உள்ள பொருளுக்கு 2028 வரை அவகாசம் உண்டு என்கிறார்கள். அதை நம்பி ஒட்டலாமா? இஃப்ரா (சர்வதேச நறுமணத் துறை அமைப்பு) சான்றிதழ் கையில் இருக்கிறது, தனியாக வேறு தாள் வாங்க வேண்டுமா?

துளிக்கணக்கு பதில்:

கூமரினை விட முடியாது. 9 என்பது நறுமணக் கலவையிலிருந்து வருவது மட்டும். விதி பார்ப்பது முடிந்த பொருளில் உள்ள மொத்த அளவை. லாவெண்டர் எண்ணெயின் தாளை எடுத்துப் பாருங்கள். அதில் கூமரின் 0.1% என்று இருந்தால் 0.2 × 0.1 ÷ 100 = 0.0002%, அதாவது 2 பிபிஎம். 9-உம் 2-உம் 11. எல்லையான 10-ஐத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு மூலப்பொருளையும் தனித்தனியாகப் பார்த்து ‘இதில் குறைவு, அதிலும் குறைவு’ என்று விடுவதுதான் இந்தக் கணக்கில் அதிகம் நடக்கும் பிழை. எதற்காகச் சேர்த்தது என்பதை விதி பார்ப்பதில்லை, அதனால் மணத்துக்காகச் சேர்க்காத தாவரச் சாறு, பதப்படுத்தி, குளிர்ச்சிக்காகப் போட்ட மெந்தால் எல்லாம் கூட்டலில் சேரும்.

தோலில் தங்கும் பொருளில் 0.001% (10 பிபிஎம்) தாண்டினால் எழுத வேண்டும். கழுவி நீக்கும் பொருளில் 0.01% (100 பிபிஎம்).

உங்கள் லோஷனுக்கு, எண்ணெயில் லினலூல் 32%, லினலைல் அசிடேட் 36% என்று வைத்தால்:
லினலூல்: 0.015 + 0.064 = 0.079%. எழுத வேண்டும்.
லினலைல் அசிடேட்: 0.0072 + 0.072 = 0.0792%. எழுத வேண்டும். விரிவாக்கத்துக்கு முன்பு இருந்த 26 பொருள்களின் பட்டியலில் (பழைய 26 பட்டியல்) இது கிடையாது, இப்போது உண்டு.
லிமோனீன்: கலவையிலிருந்து மட்டுமே 0.024%. எழுத வேண்டும்.
வனிலின்: 0.0006%. தேவையில்லை.
லாவெண்டர் எண்ணெயே 0.2% இருப்பதால் ‘லாவண்டுலா ஆயில்/எக்ஸ்ட்ராக்ட்’ என்ற பெயரும் வரும். எண்ணெயின் பெயரை எழுதியாயிற்று, உள்ளே இருப்பது எதற்கு என்று விடக்கூடாது. இரண்டும் வேண்டும்.

ஷவர் ஜெல்லில் லிமோனீன் 400 பிபிஎம், லினலூல் 250, லினலைல் அசிடேட் 120. மூன்றும் எழுத வேண்டும். கூமரின் 15, வனிலின் 10, இரண்டும் வேண்டாம். கலவையை 0.8% ஆக்கினால் லினலைல் அசிடேட் 96-க்கு இறங்கிப் பட்டியலிலிருந்து விழும். ஆனால் அந்த விளிம்பில் விளையாடாதீர்கள். இயற்கை எண்ணெய் கலந்த கலவை பேட்சுக்குப் பேட்ச் மாறும். தாளில் வரம்பு கொடுத்திருந்தால் மேல் எண்ணை எடுத்துக் கணக்கிடுங்கள். எல்லைக்குச் சற்றுக் கீழே இருப்பதை எழுதிவிட்டாலும் பாதகமில்லை. உள்ளே இல்லவே இல்லாததை ‘பாதுகாப்புக்கு’ என்று எண்பது பெயரும் அடிப்பதுதான் தவறான பட்டியல்.

குழுக்களைக் கவனியுங்கள். ஜெரானியல், நெரல் இரண்டும் ‘சிட்ரல்’. ஆல்ஃபா, பீட்டா பைனீன் இரண்டும் ‘பைனீன்’. டமாஸ்கோன் வகையறா ‘ரோஸ் கீட்டோன்ஸ்’. இவற்றைக் கூட்டிய பிறகுதான் எல்லையோடு ஒப்பிட வேண்டும்.

தாள்பார்வை பதில்:

துளிக்கணக்கு சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும்: தாளே சரியில்லை என்றால் கணக்கும் சரியில்லை.

இஃப்ரா சான்றிதழ் போதாது. அது ‘இந்த வகைப் பொருளில் இந்தக் கலவையை அதிகபட்சம் இவ்வளவு போடலாம்’ என்று சொல்லும். எந்த ஒவ்வாமைப் பொருள் எத்தனை சதவீதம் என்பது அதில் வராது. சப்ளையரிடம் ஒவ்வாமைப் பொருள் அறிக்கையைக் கேளுங்கள், 2023/1545-இன் விரிந்த பட்டியலுக்கு என்று குறிப்பிட்டே கேளுங்கள். இல்லாவிட்டால் பழைய 26 பட்டியல் தாளையே தேதி மாற்றி அனுப்புவார்கள். அதில் லிலியால், லைரல் பெயர்கள் இன்னும் இருந்தால் பழசு என்று அடையாளம் கண்டுகொள்ளலாம். இரண்டுமே இப்போது தடை. அவற்றின் எதிரே பூச்சியம் தவிர வேறு எண் இருந்தால் லேபிள் பேச்சே வேண்டாம், கலவையை மாற்ற வேண்டும்.

அறிக்கையின் கீழ் எல்லையையும் கேளுங்கள். ‘0.1%க்கு மேல் உள்ளவை மட்டும்’ என்று பொடி எழுத்தில் இருக்கும். உங்கள் 0.6% லோஷனுக்கு அது சமாளிக்கும், கலவையில் 0.167% இருந்தால்தான் 10 பிபிஎம் வரும். இருந்தாலும் இரண்டு மூலத்தைக் கூட்டும்போது சில்லறையும் கணக்கில் வரும் என்பதைக் கூமரினில் பார்த்தீர்கள். அதே தாளை வைத்து 15% கலவை போடும் பர்ஃப்யூமுக்கு லேபிள் அடித்தால் பிழைதான். அங்கே கலவையில் 0.0067% இருந்தாலே எல்லை வந்துவிடும், தாளோ அதைக் காட்டாது.

கப்பல்தேதி பதில்:

ரோல் விஷயம். ‘ஏற்கெனவே விற்பனையில் உள்ள பொருள்’ என்பதை எல்லாரும் பிராண்டு, ஃபார்முலா என்று படிக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு தனி டப்பாவும் ஒன்றியச் சந்தைக்குள் முதன்முதலாக எப்போது வந்தது என்பதுதான் கேள்வி. 2026 ஜூலை 31-க்குப் பிறகு புதிதாகச் சந்தையில் வைக்கும் டப்பா புது விதிப்படி இருக்க வேண்டும், ஃபார்முலா பத்து வருடம் பழசானாலும். அதற்கு முன்பே உள்ளே போய்க் கடை அலமாரியில் இருப்பதை 2028 ஜூலை 31 வரை விற்கலாம். உங்கள் கிடங்கில் கிடக்கும் சரக்கு சந்தையில் இருப்பதாக ஆகாது.

ரோலை வீசத் தேவையில்லை. உட்பொருள் பட்டியலின் மேல் மட்டும் ஒட்டும் ஸ்டிக்கர் அடிக்கலாம், பேட்ச் எண்ணையோ எச்சரிக்கையையோ மறைக்காமல். ஜெல்லுக்குக் காகித ஸ்டிக்கர் வேண்டாம், குளியலறை ஈரத்தில் ஓரம் சுருண்டு எழுத்து கரையும். எழுத்து அழியக்கூடாது என்பதும் சட்டம். பிபி (பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக்) ஃபிலிம் எடுங்கள். பெட்டி இருந்தால் பட்டியல் பெட்டியில் மட்டும் இருந்தால் போதும். இடமே இல்லாத சின்னக் குப்பிக்கு உள்ளே துண்டுத்தாள், வெளியே கை-புத்தகக் குறி. க்யூஆர் குறி மட்டும் செல்லாது.

லேபிள் மாறியதும் சிபிஎன்பி (ஒன்றியத்தின் அழகுசாதனப் பொருள் அறிவிப்பு இணையதளம்) பதிவில் புதுப் படத்தை ஏற்றச் சொல்லி, ஒன்றியத்தில் உங்கள் பொருளுக்குச் சட்டப்படி பொறுப்பேற்றிருப்பவரிடம் சொல்லுங்கள். இது அடிக்கடி விட்டுப்போகும்.

நுரைப்பானை:

நன்றி. எண்ணெய்த் தாளிலும் கூமரின் 0.1% இருக்கிறது. லோஷன் பட்டியலின் கடைசிப் பகுதி இப்படி வருகிறது: பர்ஃபம் (நறுமணக் கலவையின் லேபிள் பெயர்), லாவண்டுலா ஆயில்/எக்ஸ்ட்ராக்ட், லினலைல் அசிடேட், லினலூல், லிமோனீன், கூமரின். வரிசை சரியா?

துளிக்கணக்கு:

வரிசை பிரச்சினையில்லை. 1%க்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம்.

ஆனால் பீட்டா-கேரியோஃபிலீன் எங்கே? லாவெண்டர் எண்ணெயில் அது இல்லாமல் இருக்காது, விரிந்த பட்டியலிலும் உண்டு. 0.2% எண்ணெய்க்கு உங்கள் எல்லை எண்ணெயில் 0.5%. கேரியோஃபிலீன் 3% என்றால் லோஷனில் 60 பிபிஎம். டெர்பினியால், ஜெரானைல் அசிடேட், கற்பூரம் மூன்றையும் அதே 0.5% வைத்துப் பாருங்கள், இவையும் புதிதாகச் சேர்ந்தவை. இந்தப் பெயர்கள் உங்கள் எண்ணெய்த் தாளில் இல்லவே இல்லை என்றால் அது பழைய 26 தாள்தான். புதுசு வரும் வரை அச்சுக்கு அனுப்பாதீர்கள்.