குரூப்ல பேரு இருக்கு, ஆனா ஃபோல்டர் திறக்க மாட்டேங்குது, எல்டாப் என்எஃப்எஸ் தெரிஞ்சவங்க உதவுங்க

மண்டபம் தம்பி:
மண்டபம் பக்கம் ஒரு இறால் ஏற்றுமதி கம்பெனில சிஸ்டம் அட்மினா இருக்கேன். மூணு பிளான்ட், 600 யூசர் கிட்ட வரும். யூசர், குரூப் எல்லாம் எல்டாப்ல (எல்லா மெஷினுக்கும் பொதுவான யூசர் பட்டியல்), ஃபோல்டரெல்லாம் ஒரே லினக்ஸ் சர்வர்ல இருந்து என்எஃப்எஸ் மவுண்ட், அதாவது நெட்வொர்க் வழியா மத்த மெஷின்ல திறக்குறது. முந்தி குரூப்ல ஆள் சேக்குறதெல்லாம் நாந்தான் கையால பண்ணிட்டு இருந்தேன், மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சா ரெண்டே நாள்ல 150 பேரு செக்ஷன் மாறுவாங்க, சமாளிக்க முடியல. அதான் ஏப்ரல் 15 தடை ஆரம்பிச்சதும் உக்காந்து பைத்தான்ல ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன், எச்ஆர் குடுக்குற சிஎஸ்வி ஃபைலை ராத்திரி 2 மணிக்கு கிரான்ல (குறிச்ச நேரத்துல தானா ஓட வைக்கிறது) எடுத்து, ஆள் எந்த பிளான்ட் எந்த செக்ஷன்னு பாத்து குரூப்ல சேத்துரும். டெஸ்ட் சர்வர்ல ஒரு மாசத்துக்கு மேல ஓட்டிப் பாத்தேன், ஒரு குறையும் இல்ல.

ஜூன் 14 தடை முடிஞ்சு போட்டெல்லாம் போயி மொத லோடு வந்து இறங்குச்சு பாருங்க, அன்னிக்கு தான் வந்துச்சு வினை. தங்கச்சிமடத்துல இருந்து வர்ற சூப்பர்வைசர் அக்கா, ரொம்ப வருசமா இருக்காங்க, லாட் ரிஜிஸ்டர் ஃபோல்டரைத் திறந்தா பர்மிஷன் டினைட். வெளிய ஐஸ் பெட்டி அடுக்கி நிக்குது, அவங்க கையுறையைக் கழட்டிட்டு பெட்டி அட்டை மேலயே மார்க்கர்ல லாட் நம்பர் எழுதிக்கிட்டு இருக்காங்க, பாத்ததும் எனக்கு மனசே ஆறல. யாரு எந்த குரூப்ல இருக்காங்கன்னு காட்டுற ஐடி கமாண்ட் அடிச்சா அந்த குரூப்ல அவங்க பேரு தெளிவா இருக்கு. போன வாரம் சேந்த பையனுக்கு அதே ஃபோல்டர் திறக்குது. இப்டி 9 பேருக்கு, எல்லாரும் பழைய ஆளுங்க.

தொண்டிக்காரன்:
ப்ரோ, ஸ்கிரிப்ட்ல யூசர்மாட் கமாண்ட்ல பெரிய ஜி மட்டும் போட்டு சின்ன ஏ விட்டுட்டீங்களா பாருங்க, ஏ இல்லாட்டி இருக்குற பழைய குரூப் எல்லாத்தையும் அழிச்சுட்டு புதுசை மட்டும் வைக்கும். நானே ஒரு தடவை இப்டி ஒருத்தரை சூடோ குரூப்ல இருந்தே தூக்கிட்டேன். அது இல்லன்னா லாக் அவுட் பண்ணி திரும்ப லாகின் பண்ணச் சொல்லுங்க, ஏற்கனவே ஓடிட்டு இருக்குற செஷனுக்கு புது குரூப் வராது.

மண்டபம் தம்பி:
யூசர்மாட் நான் தொடவே இல்ல ப்ரோ, குரூப்பெல்லாம் எல்டாப்ல இருக்கு, குரூப்ல ஆள் பேரை (மெம்பர் யுஐடி) ஆட் மட்டும் தான் பண்றேன், ரிப்ளேஸ் கிடையாது. லாக் அவுட் என்ன, மெஷினையே ரீபூட் பண்ணிட்டேன், எல்டாப் விவரத்தை மெஷின்ல சேத்து வைக்கிற எஸ்எஸ்எஸ்டி கேஷையும் காலி பண்ணியாச்சு. சர்வர்லயே நேரா அவங்க யூசரா மாறிப் போனா ஃபோல்டர் திறக்குது! மவுண்ட் வழியா வந்தா தான் இல்ல.

கீழக்கரை காக்கா:
தம்பி, அந்த 9 பேருக்கும் ஆளுக்கு எத்தனை குரூப் இருக்குன்னு எண்ணிப் பாத்தியா?

மண்டபம் தம்பி:
இப்ப எண்ணினேன் காக்கா. அக்காவுக்கு 19. மத்தவங்களுக்கு 17ல இருந்து 21 வரைக்கும் இருக்கு. பிரச்சனை இல்லாதவங்க யாருக்கும் 16ஐத் தாண்டல.

கீழக்கரை காக்கா:
நெனச்சேன். லினக்ஸ்ல ஒரு ஆளை 65536 குரூப்ல வேணா சேக்கலாம், ஆனா நீ மவுண்ட் பண்ணிருக்குறது சாதாரண செக் சிஸ் முறை, அதுல கிளையன்ட் (ஃபோல்டரைத் திறக்குற மெஷின்) நான் யாரு, எந்த குரூப்னு சர்வருக்கு அனுப்புற சீட்டுல குரூப் நம்பருக்கு 16 இடம் தான். என்எஃப்எஸ்ஸுக்கு அடியில இருக்குற ஆர்பிசி உருவாக்குன காலத்து வரம்பு அது, இன்னிக்கும் அதோட விதி ஆவணம் ஆர்எஃப்சி 5531ல அப்டியே இருக்கு. மிச்சத்தை எர்ரர் எதுவும் காட்டாம விட்டுரும், லாக்ல கூட ஒண்ணும் தெரியாது. கெர்னல் நம்பர் வரிசைல அடுக்குறதால பெரிய நம்பர் குரூப், அதாவது நீ புதுசா உருவாக்குனது தான் மொதல்ல விழும். பழைய ஃபோல்டரெல்லாம் திறந்து இந்த சீசன் ரிஜிஸ்டர் மட்டும் திறக்காதது அதனால தான்.

சர்வர்ல என்எஃப்எஸ் கான்ஃப் ஃபைல்ல மவுண்ட்டி பகுதியில மேனேஜ் ஜிட்ஸ்னு ஒரு லைன் இருக்கும், அதுக்கு ஒய் போட்டுட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணு. அப்புறம் கிளையன்ட் அனுப்புற லிஸ்ட்டை சர்வர் எடுத்துக்காது, யுஐடியை (யூசர் நம்பர்) வச்சு தானே எல்டாப்ல கேட்டுக்கும். சர்வர்ல ஐடி கமாண்ட் முழுசா காட்டணும், அது உனக்கு ஏற்கனவே காட்டுது. கெர்பராஸ் (டிக்கெட் குடுத்து ஆளை உறுதி பண்ற முறை) மவுண்ட்டா இருந்தா இந்தத் தொல்லையே வராது, ஆனா சீசன் நேரத்துல அதைத் தொடாத. ஆமா, டெஸ்ட் சர்வர் உபுண்டுவா?

மண்டபம் தம்பி:
ஆமா காக்கா, டெஸ்ட் உபுண்டு, நெசமா ஓடுற சர்வர் ராக்கி லினக்ஸ். எப்டி கண்டுபிடிச்சீங்க?

கீழக்கரை காக்கா:
டெபியன், உபுண்டுல அந்த ஆப்ஷன் போட்டே வரும், அதான் டெஸ்ட்ல இந்தக் குறை மாட்டல.

ஆனா தம்பி, இதோட விட்டுறாத. ஒரு அக்காவுக்கு எதுக்கு 19 குரூப்? உன் ஸ்கிரிப்ட் சேக்க மட்டும் தான் செய்யுது, எடுக்க மாட்டேங்குது. மூணு வருசம் முந்தி பேக்கிங்ல இருந்தவங்களுக்கு இன்னமும் பேக்கிங் விலைப்பட்டியல் திறக்கும்னா அது ஆடிட்ல மட்டுமில்ல, நெசமாவே தப்பு. எச்ஆர் லிஸ்ட் படி யாரு எங்க இருக்கணும், இப்ப எங்க இருக்காங்கன்னு ரெண்டையும் வச்சு வித்தியாசத்தை எடு, சேக்குறது எடுக்குறது ரெண்டையும் அது வழியாவே பண்ணு. எடுக்குறதுக்கு மட்டும் ஒரு பிரேக் போடு, ஒரே ராத்திரில 20 பேருக்கு மேல நீக்கச் சொன்னா ஸ்கிரிப்ட் நின்னு மெயில் அனுப்பணும், ஆள் பாத்து சரின்னா தான் ஓடணும். நான் முந்தி வேலை பாத்த இடத்துல எச்ஆர் ஃபைல் பாதில அறுந்து வந்துச்சு, ஸ்கிரிப்ட் அதை நம்பி மூணு டிபார்ட்மென்ட்டையே குரூப்ல இருந்து தூக்கிருச்சு, விடியுறப்ப போன் அடிக்க ஆரம்பிச்சது மத்தியானம் வரைக்கும் ஓயல. ஃபைலோட கடைசி லைன்ல மொத்த எண்ணிக்கை போட்டுக் குடுக்கச் சொல்லு, அது ஒத்து வராட்டி அன்னிக்கு ஓட்டவே கூடாது.

மண்டபம் தம்பி:
காக்கா, ஒய் போட்டு ரீஸ்டார்ட் பண்ணேன், 9 பேருக்கும் திறந்துருச்சு! அக்கா அட்டையில எழுதி வச்ச லாட் நம்பரெல்லாம் உக்காந்து ஏத்திக்கிட்டு இருக்காங்க, நானும் பக்கத்துல நின்னு வாசிச்சுக் குடுத்தேன். நீங்க சொன்ன மாதிரி வித்தியாசம் மட்டும் எடுத்துப் பாத்தேன், இன்னும் எதையும் நீக்கல, 212 லைன் வருது. அதுல வேலையை விட்டே போன 4 பேரு பேரு இன்னும் இருக்கு. அந்த 4 பேரை மட்டும் இன்னிக்கே எடுத்துட்டேன், மிச்சத்தை பிளான்ட் மேனேஜர் மூணு பேருக்கும் பிரிச்சு அனுப்பிருக்கேன், அவங்க பாத்து டிக் பண்ணதும் ஓட்டுறேன்.

கீழக்கரை காக்கா:
நல்லது தம்பி. அந்த 4 பேரோட லாகினையும் மூடிரு, குரூப்ல இருந்து எடுத்தா மட்டும் பத்தாது.