புதுப்பிப்பு: தவறான எண்ணுக்குப் போன அசனப் பணம் திரும்பி வந்தது

போன மாதம் கேட்டிருந்தேன்: சபை அசனத்துக்காக (சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து) அரிசி மண்டிக்கு அனுப்ப வேண்டிய 4,500 ரூபாயை, ஒரு இலக்கம் மாறி யூபிஐயில் யாருக்கோ அனுப்பிவிட்டேன், எப்படி மீட்பது, இப்படித் தினம் ஒரு பிழை செய்கிறவன் தேவ சித்தத்தில்தான் இருக்கிறேனா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் அந்த எண்ணுக்கே கூப்பிட்டேன், எடுக்கவில்லை. செயலியில் கொடுத்த புகாருக்கு, பெற்றவர் சம்மதிக்காமல் திருப்ப முடியாது என்று பதில் வந்தது. பலித்தது ஒரு அண்ணன் சொன்ன வழி: என் வங்கிக் கிளைக்கே போய்க் கடிதம் எழுதிக் கொடுத்தேன், அவர்கள் பணம் போய்ச் சேர்ந்த வங்கியிடம் பேசி, ஒன்பதாம் நாள் பணம் வந்தது.

ஆனால் எதிர்பாராதது வேறு. மறைக்காமல் இன்றே சபை மூப்பரிடம் சொல்லுங்கள், அப்புறம் பைபிளில் சொந்த அண்ணன்மாரே குழியில் போட்டும் கர்த்தர் உயர்த்திய யோசேப்பின் கதையை மறுபடி வாசியுங்கள் என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். நடுங்கிக்கொண்டேதான் போனேன். அவர் திட்டவில்லை, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு என் கையைப் பிடித்து ஜெபித்தார், பிறகு மண்டிக்காரரிடம் பேசி அரிசியைக் கடனுக்கு வாங்கிக் கொடுத்தார், அசனமும் குறித்த நாளில் நடந்தது. பணம் வந்ததால் நம்பிக்கை வந்தது என்று சொல்ல மாட்டேன். அன்று இரவே, பணம் வருமா என்று தெரியாமலே, பல நாளுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். யோசேப்பைக் குழியில் போட்ட நாளும் கர்த்தரின் கணக்கில் இருந்தது என்றால் என் ஒரு இலக்கமும் இருக்கும்.

இதே சிக்கலில் வருகிறவர்களுக்கு: வங்கிக்குப் போகும்போது பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணை எழுதி எடுத்துப் போங்கள், முதலில் அதைத்தான் கேட்டார்கள்.