சேவலும் புறாவும் ஒன்றானபோது உங்கள் ஊரில் என்ன நடந்தது?

போடிக்காரன்:
1989 ஜனவரித் தேர்தலைப் பார்த்தவர்கள் எழுதுங்கள். எம்ஜிஆர் மறைவுக்குப் பிறகு அ.தி.மு.க. இரண்டாகி, கட்சியின் சின்னமான இரட்டை இலையும் முடக்கப்பட்டிருந்த நேரம். ஜெயலலிதாவின் ஜெ அணிக்குச் சேவல் சின்னம், எம்ஜிஆரின் மனைவி ஜானகியின் ஜா அணிக்கு இரட்டைப் புறா. எங்கள் வீட்டில் பெரியப்பா புறா, சித்தப்பா சேவல். ஒரே டீக்கடைக்கு இருவரும் வேறு வேறு நேரத்தில் போவார்கள். போடியில் ஜெயலலிதா ஜெயித்தார், பக்கத்து ஆண்டிபட்டியில் ஜானகி அம்மாள் தோற்றார். ஆட்சி தி.மு.க.வுக்குப் போனது. முடிவு வந்த அன்று பெரியப்பா சாப்பிடவே இல்லை. சித்தப்பாவுக்கும் அதே கவலைதான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

துவரங்குறிச்சி ராசா:
எங்கள் மருங்காபுரிக்கும் மதுரை கிழக்குக்கும் மார்ச்சில்தான் தேர்தல். அதற்குள் அணிகள் இணைந்து, சின்னமும் திரும்பக் கிடைத்துவிட்டது. தலைவர்கள் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது, ஊருக்குள் அப்படி இல்லை. ஜனவரியில் ஒருவரையொருவர் 'துரோகி' என்று மைக்கில் திட்டிய ஆட்கள் ஒரே ஜீப்பில் ஏற வேண்டும். பூத்தில் யார் உட்காருவது என்பதில்தான் பெரிய சண்டை. சேவல் ஆட்கள் அதிக ஓட்டு வாங்கியவர்கள், விட்டுக்கொடுப்பார்களா? கடைசியில் அவர்களில் மூத்தவர் ஒருவர், புறா பக்கம் இருந்த பழைய கிளைச் செயலாளர் வீட்டுக்கே போய், "அண்ணே, பூத்துல நீங்கதான் உக்காரணும்" என்றார். அவர் வந்தார், அவர் பின்னால் தெருவே வந்தது.

ஓட்டுக் கேட்பது சுலபமாக இருந்தது. பாட்டிமார்கள் கேட்டது ஒன்றுதான்: "இலை வந்துருச்சா?" ஆட்சிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத கட்சியை இரண்டு தொகுதியிலும் தோற்கடித்தோம்.

சூரியன் வீட்டுப் பிள்ளை:
நாங்கள் பரம்பரை தி.மு.க., கோபித்துக்கொள்ளாதீர்கள். ஜனவரியில் உங்கள் ஓட்டு பிரிந்ததால் எங்களுக்கு வழி எளிதானது, அதை அப்பாவே ஒப்புக்கொள்வார். 13 வருடம் எதிர்க்கட்சியாக இருந்து வந்த ஆட்சி என்பதால் கொண்டாட்டத்தில் மற்றதைக் கவனிக்கவில்லை. அந்த நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தலில் 39-ல் 38 உங்கள் அணிக்கு, எங்களுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் அதில் காங்கிரஸ் கூட்டணிக்கும் பங்கு உண்டு, ஜனவரியில் அவர்கள் தனியாக நின்றார்கள். எல்லாம் ஒற்றுமையால் வந்தது என்று எழுதினால் சரியாகாது.

இன்னொன்று. ஜானகி அம்மாள் தோற்றதும் அரசியலை விட்டே ஒதுங்கினார். அதனால்தான் இணைப்பு அவ்வளவு சீக்கிரம் முடிந்தது. 2017-லும் இலை முடங்கியது, இரு அணிகள் இணைந்தன, நவம்பரில் சின்னம் திரும்ப வந்தது. அடுத்த மாதமே ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில், கட்சியில் ஒதுக்கப்பட்டு சுயேச்சையாகக் குக்கர் சின்னத்தில் நின்ற டி.டி.வி. தினகரனிடம் தோற்றார்கள். இலை அதே இலைதான். அந்த முறை ஒதுங்கிக்கொள்ளத்தான் யாரும் இல்லை.