கோர்ட்டு பி.பி. (பப்ளிக் ப்ராசிக்யூட்டர், அரசுத் தரப்பு வக்கீல்) பார்லிமெண்ட் போற வழி என்னங்க? உஜ்வல் நிகம் பத்தி ஒரு டவுட்டு

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வணக்கம்ங்க. எல்எல்பி கடைசி வருஷம், வீடு பாலக்காட்டுல கொழிஞ்சாம்பாறை பக்கம். லீவுல இங்க ஒரு சீனியர் வக்கீல் ஆபீஸ்ல போய் உக்காந்துக்குவேன், அங்க பேச்சு மும்பை குண்டுவெடிப்பு கேஸ் நடத்துன அரசு வக்கீல் உஜ்வல் நிகம் பக்கம் போயிருச்சு. 2025 ஜூலைல ஜனாதிபதி நாலு பேரை ராஜ்யசபாவுக்கு நியமிச்சாங்கல்லங்க, நம்ம பக்கம் எல்லாரும் கண்ணூர் பி.ஜே.பி.காரர் சதானந்தன் மாஸ்டர் பத்தியே பேசுனதுல அதே லிஸ்ட்ல நிகமும் இருந்தாருன்னு நான் கவனிக்கவே இல்ல. மஹாராஷ்டிரா ஜல்காவ்ல ஜில்லா கோர்ட்டுல கேஸ் நடத்திட்டு இருந்தவரு எப்படிங்க டெல்லி வரைக்கும் போனாரு? வீட்ல என்னடான்னா ஏ.பி.பி. (அசிஸ்டென்ட் பி.பி.) பரீட்சை எழுது, கவர்மெண்ட் உத்யோகம்ங்கறாங்க. அதுல போயிட்டா பின்னாடி அரசியலுக்கு வர முடியுமா? சிரிக்காதீங்க, நெஜமாத்தான் கேக்கறேன்.

தேவிகுளம் வக்கீல்:
தம்பி, அரசு வக்கீல் ஆகறதுக்கு மூணு ரூட்டு இருக்கு. ஏ.பி.பி.ங்கறது மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல, கேரளத்துல பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) பரீட்சை எழுதி வரணும், மாசச் சம்பளம், சர்வீஸ் ரூல். கட்சிக்கொடி பக்கம் போகவே கூடாது, தேர்தல்ல நிக்கணும்னா வேலைய விட்டுட்டுதான் நிக்கணும். செஷன்ஸ் கோர்ட்டு பி.பி. அப்படி இல்ல, 7 வருஷம் ப்ராக்டீஸ் உள்ள வக்கீல்கள்ல கலெக்டரு செஷன்ஸ் ஜட்ஜைக் கலந்து பேனல் போடுவாரு, அதுலருந்து அரசு எடுக்கும், முன்ன குற்றவியல் நடைமுறைச் சட்டம் சி.ஆர்.பி.சி. 24ஆம் பிரிவு, இப்ப அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ். 18. ஆட்சி மாறுனா ஆளும் மாறும்னு வராந்தால நிக்கிற குமாஸ்தாவுக்கும் தெரியும். ஸ்பெஷல் பி.பி.க்கு 10 வருஷம் ப்ராக்டீஸ் வேணும், அது கேஸுக்குன்னு போடறது. நிகம் இந்த மூணாவது ரூட்டு.

1993 பம்பாய் குண்டுவெடிப்பு கேஸ்தான் அவரைத் தூக்கி விட்டது. 257 பேர் செத்த கேஸு, வருஷக்கணக்கா தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) கோர்ட்டுல நடந்துச்சு. அப்பறம் டி-சீரிஸ் கேசட் கம்பெனி ஓனர் குல்ஷன் குமார் கொலை, 26/11 மும்பை தாக்குதல்ல உயிரோட புடிபட்ட கசாப் கேஸ். 2010 மே மாசம் கசாப்புக்குத் தூக்குன்னு தீர்ப்பு வந்தப்ப நாட்டுல டிவி வச்சிருந்த வீடு பூராவும் இவரு முகம்தான். 2016ல பத்மஸ்ரீ. 2024ல பி.ஜே.பி. டிக்கெட்டுல மும்பை வடக்கு மத்தியில நின்னு வர்ஷா கெய்க்வாட்கிட்ட 16,000 சொச்சம் ஓட்டுல தோத்தாரு. ஓட்டுல கிடைக்காதது அடுத்த வருஷம் நியமனத்துல கிடைச்சுது.

ஆந்திரா சித்தூர்:
எங்க சித்தூரு, உங்க பாலக்காட்டு சித்தூரு இல்ல. இங்க ஏ.பி.பி. எடுக்கறதே போலீஸ் ரிக்ரூட்மெண்ட் போர்டுதான், கேட்டா சிரிப்பு வரும்.

அண்ணன் சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு. கசாப் ஜெயில்ல மட்டன் பிரியாணி கேட்டான்னு அப்ப மீடியாகிட்ட சொன்னது நிகம்தான், அது நானா கட்டிவிட்டது, அவன் மேல இரக்கம் வர்ற மாதிரி சூழ்நிலை கிளம்புச்சு அத உடைக்கத்தான் சொன்னேன்னு 2015ல அவரே ஒத்துக்கிட்டாரு. ஜனங்களுக்கு இன்னமும் அந்த பிரியாணி மட்டும்தான் ஞாபகம் இருக்கு, சாட்சி ஒண்ணும் ஞாபகம் இல்ல. கேஸ்ல அத்தனை ஆதாரம் கையில வச்சுக்கிட்டு இது எதுக்குங்க? பி.பி. போலீஸுக்கோ கட்சிக்கோ வக்கீல் இல்ல, கோர்ட்டுக்கு உண்மைய எடுத்து வைக்கிறவருன்னுதான் நமக்கு க்ளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க. இன்னொண்ணு, 2024ல நிக்கறதுக்காக கேஸ்களை விட்டாரு, தோத்த கொஞ்ச நாள்லயே மஹாராஷ்டிரா அரசு மறுபடி ஸ்பெஷல் பி.பி.யா போட்டுச்சு, காங்கிரஸ் கத்துச்சு. எனக்கும் அது சரியா படல.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அமெரிக்கால இப்படித்தானே சார், டி.ஏ.வே (டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, அங்கத்த ஜில்லா அரசு வக்கீல்) எலக்சன்ல ஜெயிச்சுதான வர்றாங்க? கமலா ஹாரிஸ் கூட சான்பிரான்சிஸ்கோல டி.ஏ.வா இருந்துதான செனட்டுக்குப் போனாங்க. அங்க யாரும் தப்பா எடுத்துக்கறதில்லையே.

பாலக்காடு ஜூனியர் அக்கா:
கமலாவ விடு தம்பி, பேட்ரிக் லீஹின்னு ஒருத்தர், வெர்மான்ட்ல சிட்டெண்டன் கவுண்டி ஸ்டேட்ஸ் அட்டர்னி, அது நம்ம ஜில்லா பி.பி. மாதிரின்னு வச்சுக்கோ. 1966ல 26 வயசுல கவர்னர் நியமிச்சாரு, அப்பறம் எலக்சன்லயும் ஜெயிச்சாரு, 1974ல 34 வயசுல செனட்டு, 2023 ஜனவரில ரிட்டயர் ஆகறப்ப 48 வருஷம். எனக்கு அவரைப் புடிக்கறதுக்குக் காரணம் வேற. தண்டனை ஆகி உள்ள இருக்கறவங்க டி.என்.ஏ. சோதனை கேக்கலாம்னு 2004ல வந்த சட்டத்துக்குப் பின்னாடி நின்னவரு அவருதான். உள்ள தள்ளுன ஆளே, தப்பா உள்ள போனவங்க வெளிய வர வழி கேட்டாரு பாரு. நிகம் சார் ராஜ்யசபால இந்த மாதிரி ஒண்ணு கொண்டுவந்தா பிரியாணிய மறந்துடறேன்.

நம்ம ஊர்லயும் இந்தப் பிரச்சனை இருக்கு. 2015ல திருவனந்தபுரம் சட்டசபைல நிதி மந்திரி மாணி பட்ஜெட் வாசிக்கறப்ப, அப்ப எதிர்க்கட்சியா இருந்த இடதுசாரி எம்.எல்.ஏ.ங்க நாற்காலிய வீசுன கேஸு, அவங்க ஆட்சிக்கு வந்தப்பறம் அத வாபஸ் வாங்கறேன்னு பி.பி. மனு போட்டாரு, 2021 ஜூலைல சுப்ரீம் கோர்ட்டு முடியாதுன்னுடுச்சு. வாபஸ் மனு பி.பி. தன் சொந்த யோசனைல போடணும்னுதான் சட்டம், ஆனா அவரைப் போட்டதே அரசாங்கம்னா அவரு யாரைப் பாத்து யோசிப்பாரு சொல்லு.

உன் கேள்விக்கு வர்றேன். இப்போதைக்கு அரசியலும் வேணாம் பரீட்சையும் வேணாம், பாஸ் பண்ணிட்டு நாலு வருஷம் நம்ம பாலக்காட்டு சித்தூர் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல கிரிமினல் சைடு நில்லு. ஏ.பி.பி.க்கு எப்படியும் ப்ராக்டீஸ் கேப்பாங்க. மலையாளத்துல எழுதுன எஃப்.ஐ.ஆர். சரளமா படிக்க வருமா உனக்கு? தமிழ் மீடியத்துல படிச்ச நம்ம பிள்ளைங்க பாதிப்பேர் மாட்டிக்கறது அங்கதான்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அச்சடிச்சதுன்னா படிச்சுருவேன்க்கா, எஸ்.ஐ. கையெழுத்துலன்னா கஷ்டம்தான்.