லேத்தில் சுங்கான் கடைதல்: காற்றுத்துளை அடியில் போய்ச் சேரவில்லை

மரத்தூள்:
பம்பரம், பேனா, கைப்பிடி என்று சின்னச் சாமான்கள் கடைந்து பழகியவன் நான். புகைப்பழக்கம் கிடையாது, மாமனார் ஆசையாகக் கேட்டார் என்று செர்ரி மரத்தில் ஒரு சுங்கான் (புகைக்கும் பைப்) முயன்றேன். புகையிலை வைக்கும் கிண்ணம் 20 மி.மீ. அகலம், 40 மி.மீ. ஆழம். வெளி வடிவத்தை முடித்து, உப்புத்தாள் எல்லாம் போட்டு மினுமினுவென்று ஆக்கிய பிறகு, காம்பு வழியாக 4 மி.மீ. காற்றுத்துளையைக் கை டிரில்லில் போட்டேன். அது கிண்ணத்தின் அடியில் திறக்காமல் 5 மி.மீ. மேலே, அதுவும் ஒரு பக்கமாக எட்டிப் பார்க்கிறது. போதாததற்கு, எபோனைட் (கெட்டி ரப்பர்) வாய்க்குழாயின் முளை, அதாவது காம்புக்குள் செருகும் முனை, லொடலொடவென்று ஆடுகிறது. இதைக் காப்பாற்ற முடியுமா, அடுப்பில் போட்டுவிடலாமா?

பழைய உளி:
அடுப்புக்கு அவசரமில்லை. என்னுடைய முதல் நான்கும் இதே கதிதான்.

தப்பு உங்கள் கையில் இல்லை, வரிசையில் இருக்கிறது. மினுக்கி முடித்த உருண்டைச் சாமானைப் பிடித்துக்கொண்டு நேராகத் துளை போட யாராலும் ஆகாது. கட்டை சதுரமாக இருக்கும்போதே எல்லாத் துளைகளையும் போட்டுவிட வேண்டும். கட்டையின் பக்கவாட்டில் கிண்ணத்தையும் காற்றுத்துளையையும் முழு அளவில் பென்சிலால் வரையுங்கள். இரண்டும் அடியில் எங்கே சந்திக்கின்றன என்று கண்ணுக்குத் தெரியட்டும். நான் இரண்டு பக்கமும் வரைவேன்.

லேத்தின் சக்கில் (கட்டையைக் கவ்விச் சுற்றும் பகுதி) எதிரெதிர் இரண்டு தாடை மட்டும் போட்டுக் கட்டையைப் பிடியுங்கள். முதலில் கிண்ணம். சாதாரண டிரில் பிட் அடியில் கூம்பாக விட்டுவிடும். தட்டை பிட் ஒன்றின் முனையை வட்டமாகச் சாணை பிடித்து 500 ஆர்.பி.எம். அளவில் மெதுவாக இறக்கினால் அடி குழிவாக வரும். அப்புறம் கட்டையைத் திருப்பிப் பிடித்து, காம்புப் பக்கம் முளைக்கு 8 மி.மீ. துளை. அதே பிடியில், சக்கைத் தளர்த்தாமல், அதன் நடுவிலேயே 4 மி.மீ. காற்றுத்துளை. நீள பிட் மர ரேகையைப் பார்த்தால் வளைந்துகொண்டு போகும். அதனால் குட்டை பிட்டால் 15 மி.மீ. வரை வழி காட்டிவிட்டு நீளத்தை விடுங்கள். 5 மி.மீ.க்கு ஒருமுறை வெளியே இழுத்துத் தூளைத் தட்டுங்கள். சேரப்போகிற நேரத்தில் லேத்தை நிறுத்தி நிறுத்தி, கிண்ணத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்.

இவ்வளவும் ஆன பிறகுதான் உளி. கிண்ணத்தைக் கடையும்போது காம்பு விசிறி மாதிரி சுற்றும். விரல் முட்டியில் தோலைக் கொடுத்துப் படித்த பாடம் இது: உளிதாங்கி கட்டையில் இடிக்கிறதா என்று முதலில் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். கிண்ணமும் காம்பும் சேரும் மூலைக்கு லேத் வராது; அங்கே அரம்தான். சுவர் 6 மி.மீ.க்குக் கீழே போகவே கூடாது, சூடு கையில் தெரியும்.

இப்போது உங்கள் செர்ரி. சுருட்டுச் சாம்பலைத் தண்ணீரில் பசை மாதிரி குழைத்து, துளைக்குள் ஒரு கம்பியைச் செருகிவிட்டு, கிண்ணத்தின் அடியை 5 மி.மீ. உயர்த்துங்கள். இரண்டு நாள் காயட்டும். துளை பக்கமாக இருப்பதை மாற்ற முடியாது, ஆனால் அடியில் ஈரப் புகையிலை தேங்காது. முளைக்கு: டிரில் பிட்டின் வழவழப்பான பின்பகுதி 4 மி.மீ.யைவிடக் கொஞ்சம் தடித்ததாக எடுத்து, எபோனைட்டை இதமாகச் சூடாக்கி முளைக்குள் செருகி, ஆறும்வரை விடுங்கள். முளை விரியும். அளவு மீறினால் பிளக்கும், அவ்வளவுதான்.

ரேகை:
மரத்தைப் பற்றி ஒன்று. அடுத்த முறை பிரையர் கிடைத்தால் வாங்குங்கள். எரிகா ஆர்போரியா என்ற மத்தியதரைக்கடல் பகுதிப் புதரின் வேர் முண்டு அது; மணிக்கணக்கில் வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்தித்தான் விற்பார்கள். ஆலிவ், பேரி மரமும் நல்லதே. அழகாக இருக்கிறது என்று அரளி, யூ மரப் பக்கம் போய்விடாதீர்கள், இரண்டும் விஷம். கிண்ணத்துக்குள் வார்னிஷ் கூடாது; வெளியே கார்னோபா மெழுகு போதும்.

மரத்தூள்:
சாம்பல் வேலை செய்தது! முளைதான் பிளந்துவிட்டது, ஆசை அதிகம். புது எபோனைட் தண்டு கடைந்துகொண்டிருக்கிறேன். அதைச் சூடாக்கி வளைக்கும்போது துளை நசுங்காமல் இருக்க என்ன செய்வது?

பழைய உளி:
பைப் துடைக்கும் பஞ்சுக் கம்பியை உள்ளே விட்டு வளையுங்கள். நேரடித் தீ வேண்டாம், ஹீட் கன் போதும். வளைத்த பிடியிலேயே குளிர்ந்த தண்ணீரில் காட்டுங்கள். மாமனாரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: சூடாக இருக்கும்போது வாய்க்குழாயைக் கழற்றினால் காம்பு விண்டுவிடும், வெயிலில் வைத்தால் எபோனைட் பச்சையாகிவிடும்.