இரண்டும் 2.01 கேரட், இரண்டும் ஜி கலர் விஎஸ்2, விலையில் மட்டும் மூன்று லட்சம் வித்தியாசம். ஏன்?

காந்திபுரத்துக்காரி:

இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு ஒற்றைக்கல் மோதிரம் வாங்கலாம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. வாழ்க்கையில் ஒரு தடவைதான் இப்படி வாங்கப்போகிறோம், இரண்டு கேரட்டுக்கு ஒரு சென்ட் குறையக்கூடாது என்று வீட்டுக்காரர் பிடிவாதம். கோவையில் இரண்டு கடைகளில் பார்த்ததில் இரண்டு கல் பிடித்தது. இரண்டுமே இயற்கை வைரம், ரவுண்டு, 2.01 கேரட், நிறத் தரம் ஜி கலர், உள்ளே இருக்கும் குறைகளைப் பார்த்துத் தரும் கிளாரிட்டி தரம் விஎஸ்2, இரண்டுக்கும் வைரத்தைச் சோதித்துத் தரம் எழுதும் ஜிஐஏ லேபின் சர்டிபிகேட். கல்லுக்கு மட்டும் ஒரு கடையில் 13.80 லட்சம், இன்னொன்றில் 17 லட்சம். ஒரே லேப், ஒரே எடை, ஒரே கிரேடு, பிறகு மூன்று லட்சத்துக்கு மேல் எப்படி இடிக்கிறது? குறைந்த விலைக்காரர் "சூரத்திலிருந்து நேரடியாக எடுக்கிறோம், இடையில் ஆள் கிடையாது" என்கிறார். மற்றவர் சிரித்துவிட்டு "அந்தச் சர்டிபிகேட்டைக் கடைசி வரி வரைக்கும் படியுங்கள் மேடம்" என்றார், அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

படித்துவிட்டேன், புரியவில்லை, அப்படியே தருகிறேன். குறைந்த விலைக் கல்: 7.97 – 8.01 × 5.03 மிமீ, டெப்த் 62.9, கட் எக்ஸலன்ட், பாலிஷ் எக்ஸலன்ட், சிமெட்ரி வெரி குட், ஃப்ளோரசன்ஸ் ஸ்ட்ராங் ப்ளூ. கமெண்ட்ஸ் என்ற இடத்தில், கிளாரிட்டி கிரேடு மேகங்களை வைத்துத் தரப்பட்டது, அவை படத்தில் காட்டப்படவில்லை என்று ஒரு வரி. அதிக விலைக் கல்: 8.13 – 8.17 × 4.98 மிமீ, டெப்த் 61.1, மூன்றும் எக்ஸலன்ட், ஃப்ளோரசன்ஸ் நன், கமெண்ட்ஸ் எதுவும் இல்லை.

மாமியார் வேறு "ப்ளூ ஜாகரா என்று கேள், அதுதான் உசத்தி" என்று தினமும் சொல்கிறார். அப்புறம் மகளுக்கு ஒரு சிலோன் நீலக்கல் பென்டன்ட், 5 கேரட், சூடாக்காத கல் என்று தெரிந்தவர் ஒருவர் காட்டினார். அதற்குச் சர்டிபிகேட் என்று கையடக்கமாக ஒரு லேமினேட் அட்டை. இதையும் நம்பலாமா?

கல்பதிப்பவன்:

நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது அக்கா. மொத்த வியாபாரத்தில் எல்லாரும் பார்ப்பது ரப்பாபோர்ட் விலைப்பட்டியல். அதில் எடை, கலர், கிளாரிட்டி மூன்றுக்கும்தான் கட்டம் இருக்கும். உங்கள் இரண்டு கல்லும் அதில் ஒரே கட்டத்தில் விழும். அந்த விலையிலிருந்து எத்தனை சதவீதம் கழிவு என்பதில்தான் வியாபாரமே நடக்கிறது, அந்தக் கழிவைத் தீர்மானிப்பது சர்டிபிகேட்டின் மற்ற வரிகள்.

முதலில் அந்த மேகம். கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத பொடிப்புள்ளிகள் கூட்டமாக இருப்பதை மேகம் என்கிறார்கள். ஓரத்தில் சின்னதாக ஒன்று இருந்தால் பாதகமில்லை. ஆனால் கிரேடே அதை வைத்துத்தான் தரப்பட்டது, படத்தில் வரையவும் இல்லை என்றால் அது கல் முழுக்கப் பரவியிருக்கலாம். கூடவே ஃப்ளோரசன்ஸ் ஸ்ட்ராங் ப்ளூ, அதாவது புற ஊதா ஒளி பட்டால் கல் நன்றாகவே நீலமாக ஒளிரும். இரண்டும் சேரும்போது சில கல் பால் பூத்தாற்போல மங்கும், சந்தையில் இதை மில்கி என்பார்கள். சர்டிபிகேட்டில் மில்கி என்ற சொல் வராது. ஜிஐஏ எழுதுவது கிரேடு, அழகுக்கு மார்க் போடுவதில்லை.

அதற்காக ஃப்ளோரசன்ஸ் இருந்தாலே கெட்ட கல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1997-இல் ஜிஐஏ இதை ஆராய்ந்தபோது சாதாரணமாகப் பார்க்கிறவர்களால் பெரும்பாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனாலும் டி, இ, எஃப், ஜி என்று வெள்ளையான கல்லில் ஸ்ட்ராங் என்று வந்துவிட்டால் வியாபாரிகள் கழித்துத்தான் வாங்குவார்கள். ஆக, இடையில் ஆள் இல்லாததால் விலை குறைந்தது என்பது பேச்சு. அவர் வாங்கும்போதே மலிவாக வாங்கிய கல் அது. நாளைக்கு நீங்கள் கொடுக்கப் போனாலும் அதே கழிவு உங்கள் தலையில் விழும்.

அடுத்து அளவு. முதல் கல்லுக்குக் குறுக்களவு ஏறக்குறைய 8 மிமீ, இரண்டாவதற்கு 8.15. எடை ஒன்றுதான், ஆனால் முதல் கல் கொஞ்சம் ஆழமாக வெட்டியது, எடையின் ஒரு பகுதி அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது. 2.00-ஐத் தாண்டினால் கேரட் விலையே ஒரு படி ஏறும் என்பதால் பட்டை தீட்டுகிறவர்கள் எப்படியாவது தாண்டவைக்கப் பார்ப்பார்கள். வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்: நன்றாக வெட்டிய 1.90, 1.92 கேரட் கல் 8 மிமீக்கு ஒட்டியே வரும், விரலில் போட்டால் யாருக்கும் தெரியாது, விலை மட்டும் கணிசமாக இறங்கும்.

பார்க்கும் முறை ஒன்று. கடையின் ஸ்பாட்லைட்டுக்குக் கீழே எல்லாக் கல்லும் மின்னும். கல்லை வாசல் பக்கம், நேர் வெயில் படாத நிழலுக்கு எடுத்துவரச் சொல்லுங்கள். ஒரு வெள்ளை விசிட்டிங் கார்டை வி போல மடித்து அந்த மடிப்பில் கல்லைக் கவிழ்த்து வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். மில்கி கல்லாக இருந்தால் உள்ளே பட்டைக்கோடுகள் துல்லியமாகத் தெரியாது. பக்கத்தில் இன்னொரு நல்ல கல்லை வைத்துக்கொண்டால் சட்டென்று பிடிபடும்.

மாம்பலம்மாமி:

மாமியாரைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் தலைமுறையில் ப்ளூ ஜாகர் ஏழு கல் தோடு என்றால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. தென்னாப்பிரிக்காவில் யாகர்ஸ்ஃபொன்டைன் என்று ஒரு சுரங்கம், அங்கே வந்த கல்லில் வெயில் பட்டால் லேசாக நீலம் அடிக்கும், பேர் அங்கிருந்து வந்தது. அந்தச் சுரங்கத்தை மூடி அரை நூற்றாண்டு ஆகிறது, கடைகளில் மட்டும் ப்ளூ ஜாகர் இன்னும் தீரவில்லை! ஜிஐஏ பேப்பரில் அப்படி ஒரு கிரேடு கிடையாது. அந்த நீலத்தைத்தான் இன்றைக்கு ஃப்ளோரசன்ஸ் ப்ளூ என்று எழுதி விலையைக் குறைக்கிறார்கள். உங்கள் மாமியார் உசத்தி என்று சொல்வதும் கல்பதிப்பவன் கழிவு என்று சொல்வதும் ஒரே சமாசாரம்தான்.

அந்தக் காலத்துத் தோடெல்லாம் பின்பக்கம் மூடிய கட்டு. பார்க்க அழகு, ஆனால் கல்லின் அடி எப்படி இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். இத்தனை லட்சம் கொடுத்து வாங்கும் கல்லை மூடிய கட்டில் வைக்கவே வைக்காதீர்கள்.

காகபாதம், கரும்புள்ளி பார்க்கவேண்டும், நாலு நாள் பூஜை அறையில் வைத்து ராசி பார்க்கவேண்டும் என்று மாமியார் சொன்னால் அதற்கும் சரி என்றே சொல்லுங்கள். நம் ஊரில் பல கடைகள் ரசீது எழுதிக்கொண்டு கொடுத்தனுப்புவார்கள். ராசி பார்த்த மாதிரியும் ஆச்சு, வீட்டுத் ட்யூப்லைட்டில், சமையலறை வெளிச்சத்தில், சாயங்காலத்தில் கல் எப்படி இருக்கிறது என்று பார்த்த மாதிரியும் ஆச்சு.

சிங்கைவாசி:

நான் மாற்றுக் கட்சி. 17 லட்சத்தை ஒரு கல்லில் போடுவதற்குப் பதில் லேப் க்ரோன், அதாவது ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வாங்கிக்கொண்டு மீதியைத் தங்கத்திலோ டெபாசிட்டிலோ போடலாமே? ரசாயனப்படி அதுவும் வைரம்தான், வெறும் கண்ணுக்கு வித்தியாசமே கிடையாது. இரண்டு கேரட் என்ன, மூன்றே வாங்கலாம்.

கல்பதிப்பவன்:

போட்டுக்கொள்ள மட்டும் என்றால் தம்பி சொல்வதில் தப்பில்லை. ஆனால் விலை விழும் வேகத்தைப் பாருங்கள். வைர நிறுவனமான டிபியர்ஸ் 2018-இல் லேப் கல்லை லைட்பாக்ஸ் என்ற பெயரில் கேரட் 800 டாலர் என்று ஆரம்பித்தது, 2025-இல் கடையை மூடுவதாக அறிவித்துவிட்டது. ஜிஐஏவும் 2025 அக்டோபரிலிருந்து லேப் கல்லுக்கு டி, இ, எஃப் என்று கலர் கிரேடு எழுதுவதை நிறுத்திவிட்டுப் பிரீமியம், ஸ்டாண்டர்ட் என்று இரண்டே வகையாகப் பிரிக்கிறது. திருப்பிக் கொடுத்தால் நாலு காசு வரவேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு அது சரிப்படாது. இயற்கை வைரத்தையும் முதலீடு என்று நான் சொல்லமாட்டேன், வாங்கிய அன்றே ஜிஎஸ்டி, கடை லாபம் இரண்டும் போய்விடும்.

லேப் கல்லைச் சொன்னதால் இன்னொன்று. கடையில் பேனா மாதிரி டெஸ்டரை வைத்து "பீப்" அடித்துக் காட்டுவார்கள், அது லேப் கல்லுக்கும் அடிக்கும். அதைப் பிரிக்கத் தனி மெஷின் வேண்டும். இயற்கைக் கல்லின் நம்பரை லேப் கல்லின் விளிம்பில் லேசரில் பொறித்து அனுப்பிய கேஸ்களை ஜிஐஏவே பிடித்து எழுதியிருக்கிறது. அதனால் நம்பர் ஒத்துப்போனால் மட்டும் போதாது. கல்லை நகையில் பதிக்கும் முன்பே, லூஸாக இருக்கும்போது, கேரட் தராசில் 2.01 காட்டுகிறதா, கேஜில் 8.13 – 8.17 × 4.98 வருகிறதா என்று பாருங்கள். பிறகு 10 மடங்கு லென்ஸில் சர்டிபிகேட் படத்தில் உள்ள குறை அதே இடத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். விஎஸ்2-இல் பொறுமையாகத் தேடினால் கிடைக்கும். ஜிஐஏ 1.99 கேரட் வரைக்கும் டோசியர் என்று ஒரு சின்ன ரிப்போர்ட் தரும், அதில் லேசர் நம்பர் கட்டாயம் இருக்கும், ஆனால் படம் இருக்காது. முழு ரிப்போர்ட்டில் படம் இருக்கும், நம்பர் பொறிப்பது கேட்டால்தான். அதனால் 2.01-இல் நம்பர் இல்லையே என்று பதற வேண்டாம், ஆனால் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இரத்தினபுரியான்:

நீலக்கல்லைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன் அக்கா. எங்கள் ஊரில் கல்லைச் சூடாக்குவது களவில்லை. கெவுடா என்று பால் நிறத்தில் ஒரு கல், ஒரு காலத்தில் அதை ஒருவரும் மதிக்கவில்லை. 1970களில் தாய்லாந்துக்காரர் வந்து மலிவாக அள்ளிக்கொண்டு போய்ச் சூளையில் போட்டு நல்ல நீலமாக்கி விற்றார்கள், அதற்குப் பிறகுதான் எங்கள் ஆட்களுக்கே விளங்கியது. இன்று சந்தையில் இருக்கும் நீலத்தில் பெரும்பகுதி சூடு பட்டதுதான். சூடாக்கியதைச் சூடாக்கியது என்று சொல்லி விற்றால் ஒரு பிரச்சினையும் இல்லை. சூடாக்காதது என்று சொல்லி அதற்கான விலை கேட்டால், 5 கேரட்டில் அந்த வித்தியாசம் மிகப் பெரியது, லேமினேட் அட்டை அதற்குக் காணாது. ஜிஐஏ, ஜிஆர்எஸ், குபெலின், எஸ்எஸ்இஎஃப் இப்படி ஒரு லேபின் அறிக்கையில் சூடாக்கிய அடையாளம் இல்லை என்று எழுதியிருக்க வேண்டும். விற்பவர் அனுப்ப மறுத்தால் அதிலேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

சிலோன் என்ற சொல்லுக்கும் தனியாகக் காசு கேட்பார்கள். 1998-இல் மடகஸ்காரில் இலகாகா என்ற இடத்தில் நீலக்கல் கிடைத்த நாளிலிருந்து அங்கே கல் வாங்குபவர்களில் எங்கள் நாட்டு வியாபாரிகளும் இருக்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கொழும்பில் வாங்கினேன் என்பதை வைத்து அது எங்கள் மண்ணில் எடுத்த கல் என்று சொல்ல இயலாது. எந்த நாட்டுக் கல் என்று லேப் எழுதுவதும் அபிப்பிராயமாகத்தான் எழுதும்.

இன்னொரு விஷயம். எடை குறையக்கூடாது என்று எங்கள் பக்கம் அடிவயிற்றைப் பெரிதாக விட்டு வெட்டுவார்கள். வைரத்தைவிட நீலம் அடர்த்தியான கல், ஆகவே அதே எடைக்கு ஏற்கனவே சின்னதாகத்தான் தெரியும், இதுவும் சேர்ந்தால் 5 கேரட்டின் அகலம் மேலே வராது. கல்லை நியூஸ்பேப்பரில் எழுத்தின் மேல் வைத்து நேராகப் பாருங்கள். நடுவில் எழுத்து வாசிக்கக் கிடைத்தால் வெளிச்சம் திரும்பி வராமல் கீழே ஓடுகிறது, பென்டன்டில் நடுப்பகுதி வெளிறிப்போய்த் தெரியும்.

காந்திபுரத்துக்காரி:

எல்லாருக்கும் நன்றி. வாசல் நிழலில் வைத்துக் காட்டச் சொன்னதற்கே 13.80 கடையில் முகம் மாறியது. விசிட்டிங் கார்டு மடிப்பில் வைத்ததும் எனக்கே தெரிந்தது, உள்ளே ஒரு சோர்வு, கோடுகள் கலங்கலாக. மற்றக் கடையில் இதே வகையில் 1.91 ஒன்று இருக்கிறது, ஜி, விஎஸ்1, 8.02 மிமீ, மூன்றும் எக்ஸலன்ட், லேசர் நம்பரும் இருக்கிறது. வீட்டுக்காரர் இரண்டையும் என் விரலில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு எது எது என்று சொல்லத் தெரியாமல் முழித்தார், அதோடு சரி என்றுவிட்டார். நீலக்கல்காரரிடம் ஜிஐஏ மும்பை லேபுக்கு என் செலவில் அனுப்பலாமா என்று கேட்டேன், யோசித்துச் சொல்கிறேன் என்றார், இன்னும் யோசிக்கிறார். பில்லில் என்னென்ன பார்க்கவேண்டும்?

மாம்பலம்மாமி:

கல்லைத் தனியாக லூஸ் என்று பில் போட்டால் ஜிஎஸ்டி 1.5 சதவீதம், நகையோடு சேர்த்துப் போட்டால் மொத்தத்துக்கும் 3. உங்கள் தொகைக்கு அது சின்னக் காசில்லை, கேட்டுப் பாருங்கள். பில்லில் ஜிஐஏ ரிப்போர்ட் நம்பர், கல்லின் எடை, கலர், கிளாரிட்டி எழுதியிருக்கவேண்டும், "டைமண்ட் ரிங் 1" என்று ஒரே வரியில் முடித்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். தங்கம் 18 கேரட்டாக இருக்கும், 750 ஹால்மார்க் முத்திரையும், நகைக்குத் தனியாகத் தரும் ஆறு எழுத்து அடையாளக் குறியான எச்யுஐடியும் இருக்கும், அதை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுப் பாருங்கள். செய்கூலி, சேதாரம் நிகர எடைக்குத்தான், கல்லோடு சேர்த்த எடைக்கு இல்லை. உங்கள் கல் அரை கிராம்கூட வராது, ஆனால் கெம்பு ஹாரம் வாங்கும்போது இதே கணக்கில் நிறையப் போகும். இரண்டு லட்சத்துக்கு மேல் என்பதால் பான் கேட்பார்கள், அந்தத் தொகையை ரொக்கமாகவும் வாங்கமாட்டார்கள். திருப்பி எடுப்போம் என்று வாயில் சொல்வதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள், எத்தனை சதவீதம், அன்றைய விலைக்கா பில் விலைக்கா என்றும் சேர்த்து.

கல்பதிப்பவன்:

மாமி சொன்னதோடு ஒன்று. கட்டு ஆறு பிடியாக வைக்கச் சொல்லுங்கள், நாலு பிடியில் ஒன்று தேய்ந்து தூக்கினாலும் கல் ஆடும். லேசர் நம்பர் இருக்கும் இடத்தைப் பிடி மறைக்காமல் பதிக்க முடியும், பட்டறைக்குப் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். பதித்து வந்த பிறகு லென்ஸில் நம்பரைப் படித்துப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.